அண்ணி கல்லூரிக்குப் போன சைக்கிள்

அண்ணியைப் பெண் பார்க்கப் போனபோது அவள் பி.ஏ. முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்தில் அவளுடைய ஊர். அவளுடைய அப்பா அன்று அதிகம் பேசவில்லை. "மத்தது எல்லாம் நீங்க சொல்றபடி செஞ்சிடலாங்க. படிப்ப மட்டும் நிறுத்தக் கூடாது. டிகிரி முடிக்க வுட்டுடணும்" என்றார். என் அம்மா உடனே தலையாட்டினாள். கல்யாணம் ஆகி ஒரு பிள்ளை பிறந்தால் படிப்பு தானாக நின்றுவிடும், அதற்காக இப்போது எதற்கு மல்லுக்கட்டுவது என்று நினைத்ததாக அம்மாவே பின்னால் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

நான் உள்ளே அவளோடு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கும் எனக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். "உங்க ஊர்ல காலையில பஸ் நிக்குமா?" என்பதுதான் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. மாப்பிள்ளையைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. நிற்கும் என்று சொல்லிவிட்டேன். அதுவரை உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் வந்த எனக்குக் காலை பஸ்ஸைப் பற்றி என்ன தெரியும்?

எங்கள் ஊர் மலையடிவாரத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் சாலையில் இருக்கிறது. அண்ணி கல்யாணத்துக்கு முன்னால் ஏறிய அதே பஸ்தான் எங்கள் ஊர் வழியாகவும் வரும். ஆனால் அவளுடைய ஊரில் கிளம்பும்போது காலியாக இருக்கும் பஸ், எங்கள் ஊருக்கு வருவதற்குள் படிக்கட்டு தெரியாமல் நிரம்பிவிடும். பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்தால் கண்டக்டர் விசில் கொடுக்க மாட்டார். அந்த வருஷம் நானும் அதே கல்லூரியில் சேர்ந்தேன். நானும் அண்ணியும் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையோரம் நிற்போம். பஸ் எங்கள்மீது புழுதியை இறைத்துவிட்டுப் போகும்.

நடந்து போகலாம். இரண்டு மணி நேரம் பிடிக்கும். சில நாள் நடந்தோம். ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இரண்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு சாலை முழுவதையும் அடைத்தபடி வரும். நாங்கள் பள்ளத்தில் இறங்கி நிற்க வேண்டும். பாதி வழியில் ஒரு வளைவில் சாராயக்கடை. காலையிலேயே அங்கே ஆள் இருக்கும். அந்த இடத்தில் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டு வேகமாக நடப்போம். வழியில் ஒதுங்க இடம் கிடையாது என்பதால் காலையில் தண்ணீர் குடிக்க மாட்டோம். கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது முதல் பாடம் முடிந்திருக்கும். அண்ணிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது அண்ணன் கேட்டான். "உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்னு உங்க அப்பா சொன்னாரே, நெசமா?"

"தெரியும். டேம் கரைமேல எங்க அண்ணன் கத்துக்குடுத்தாரு."

"எங்க ஊர்ல பொம்பளைங்க யாரும் ஓட்ட மாட்டாங்க."

"தெரியும். அதனாலதான் நான் இத்தினி நாளா உங்ககிட்ட கேக்கல."

அண்ணன் சாப்பிட்டு எழுந்து போனான். அவனிடம் ஒரு சைக்கிள் இருந்தது. புல்லுக்கட்டும் உர மூட்டையும் ஏற்றுகிற பெரிய சைக்கிள். புடவை கட்டியவள் அதில் ஏற முடியாதபடி நடுவில் குறுக்குக் கம்பி. அடுத்த நாள் அதைக் கள்ளக்குறிச்சிக்கு ஓட்டிக்கொண்டு போனான். பட்டறையில் குறுக்குக் கம்பியை அறுத்து எடுத்துவிட்டு, வளைந்த குழாய் ஒன்றைத் தாழ்வாக வைத்துப் பற்றவைத்துக் கொண்டுவந்தான். பற்றவைத்த இடத்தில் வண்ணம்கூட அடிக்கவில்லை. "இப்ப ஏறிப் பாரு" என்றான். அம்மா, "புல்லுக்கட்ட எதுல ஏத்துவ?" என்று கேட்டாள். "எனக்குத் தல இல்லியா?" என்றான் அவன்.

அண்ணி முதல் நாள் அந்தச் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு எங்கள் தெருவில் போனது எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார்கள். அண்ணி யாரையும் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். ஊரைத் தாண்டிய பிறகுதான், "பாப்பா, நீ நல்லா கனக்கிற" என்றாள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ புடவை செயினில் மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் விழுந்தோம். பின்னால் வந்த டிராக்டர்காரர் பிரேக் போட்டு நிறுத்தியதால் தப்பித்தோம். அண்ணிக்கு முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. கிழிந்த ஓரத்தை அங்கேயே முடிச்சுப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். மாலையில் வீட்டுக்கு வந்து, எண்ணெய் டின்னைத் தட்டி செயினுக்கு மூடி செய்து தரச் சொல்லி அண்ணனிடம் கேட்டாள். அதன் பிறகு கொசுவத்தைத் தூக்கிச் செருகி, கணுக்காலில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொள்வாள். கல்லூரி வாசலில் கயிற்றை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போவாள். டவுனில் பையன்கள் பின்னாலேயே வந்து பாட்டுப் பாடுவார்கள், கேரியரைத் தட்டுவார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். சில மாதத்தில் அவர்களுக்கே சலித்துப்போயிற்று.

எங்கள் ஊரிலிருந்து அந்தக் கல்லூரிக்கு வந்தவள் இன்னொருத்தியும் இருந்தாள். என் வகுப்பு. காலனிப் பெண். அவளுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அவள் எல்லா நாளும் நடந்துதான் வந்தாள். ஊரைத் தாண்டிய பிறகு, ஏரிக்கரைப் பாதை சாலையைத் தொடுகிற இடத்தில் அவளைப் பார்ப்போம்.

காலனி எங்கள் ஊருக்கு மேற்கே இருந்தது. சாலைக்கு வர எங்கள் தெரு ஒன்றுதான் நேர் வழி. காலனி ஆண்கள் சைக்கிளை எங்கள் தெருவில் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். தெருமுனை தாண்டியதும் ஏறிக்கொள்வார்கள். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள், மழை பெய்தால் நனைகிற மாதிரி அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அவள் எங்கள் தெருவுக்கே வராமல் ஏரிக்கரை மேலாகச் சுற்றிக்கொண்டு வருவாள். அதனால் அவளுக்கு நடை எங்களைவிட ஜாஸ்தி. ஆனாலும் எங்களுக்கு முன்னால் அந்த இடத்துக்கு வந்திருப்பாள்.

அவள் மெல்லிய உடம்புக்காரி. கொஞ்சமாகத்தான் பேசுவாள். ஆனால் பேசினால் சிரிக்காமல் இருக்க முடியாது. சாராயக்கடை வளைவில் நாங்கள் வாயை மூடிக்கொண்டு போவோம் என்றேன் அல்லவா? அவள் தனியாக வரும்போது அந்த இடத்தில் சத்தமாகப் பாடம் ஒப்பிப்பாளாம். "இங்கிலீஷ் கேட்டா அவனுங்களுக்கு பயம். யாரோ ஆபீசருன்னு உள்ள போய்டறானுங்க" என்பாள். அண்ணிக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. நான் நடக்கிறேன் என்று சொல்லும் நாளில் அவளைக் கேரியரில் ஏற்றிக்கொள்வாள். சாலையில் மட்டும்தான். மாலையில் ஏரிக்கரைப் பாதை வந்ததும் அவளே இறங்கிக்கொள்வாள்.

அண்ணிக்குக் குழந்தை உண்டானது. ஆறாவது மாதம்வரை சைக்கிள் ஓட்டினாள். அதன் பிறகு அம்மா சைக்கிளைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். தேர்வுகள் தொடங்குகிற வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அண்ணி அந்த வருஷத்துத் தேர்வு ஒன்றையும் எழுதவில்லை. அவ்வளவுதான், நின்றுவிட்டது என்று ஊரே நினைத்தது. அண்ணியோ குழந்தையைக் காலில் போட்டுத் தாலாட்டிக்கொண்டே பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள். புரட்டாசியில் மறுதேர்வு வரும், எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிடுவேன் என்றாள். என் தோழியும் இங்கிலீஷ் பேப்பரில் போய்விட்டதால் அந்த ஒரு பேப்பரை எழுதக் காத்திருந்தாள்.

அந்தப் புரட்டாசி பிறக்கிற நேரத்தில்தான் மறியல் வந்தது. படிப்பிலும் வேலையிலும் எங்கள் ஆட்களுக்குத் தனி இடஒதுக்கீடு வேண்டும் என்று ஒரு வாரம் சாலைகளை மறிப்பதாக முடிவு. அண்ணன் அதில் முழு மனதோடு இறங்கினான். அவன் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியவன். பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்காமல் ஏர் பிடிக்க வந்தவன். அந்த ஆற்றாமை அவனுக்குள் அப்படியே இருந்தது. "எம் பொண்ணுக்கும் நாளைக்கு எடம் இல்லைன்னு சொல்வான். அப்ப நான் கைய கட்டிக்கினு நிக்கணுமா?" என்று கேட்பான். அவன் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அண்ணிக்கும் தோன்றவில்லை.

சாலையின் இரண்டு பக்கமும் நின்ற பழைய புளியமரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளினார்கள். பஸ் இல்லை. லாரி இல்லை. சைக்கிளில் வந்தவர்களைக் காற்றைப் பிடுங்கித் திருப்பி அனுப்பினார்கள். எங்கேயோ காலனி வீடுகள் எரிந்ததாகச் செய்தி வந்தது. எங்கே, யாருடையது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. எங்கள் ஊர்க் காலனியில் அதைக் கேட்டதிலிருந்து ஒருத்தரும் வெளியே வரவில்லை.

அந்த வாரத்தின் நடுவில் இங்கிலீஷ் தேர்வு. அண்ணன் மத்தியானம் சாப்பிட வந்தபோது அண்ணி சொன்னாள். "நாளைக்கு எனக்குப் பரீட்ச."

"நாளைக்கு அந்த ரோட்டுல ஒருத்தரும் போவ முடியாது."

"மெட்ராஸ்லயும் இதே பரீட்சதான், எல்லாரும் எழுதுவாங்க. எங்களுக்காக நிறுத்துவாங்களா?"

"ஊரே ரோட்டுல உக்காந்துகினு இருக்கு. எம் பொண்டாட்டியே மரத்தத் தாண்டிக்கினு போனா நான் நாளைக்கு எப்படி அவங்க மூஞ்சில முழிக்கறது?"

அண்ணி குழம்பை ஊற்றினாள். அவன் சரி, விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு போனான்.

மறுநாள் அவன் விடியும்போதே சாலைக்குப் போய்விட்டான். அண்ணி குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். "அத்தை, நான் போய்ட்டு வரேன். அழுதா கேப்பக் கஞ்சி வடிகட்டிக் குடுங்க" என்றாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அம்மா என் பக்கம் திரும்பி, "நீயும் கூடப் போ. தனியா வுடாத" என்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சைக்கிள் சாவியைக் கொடுத்தாள்.

சைக்கிள் எதற்கு என்று நான் கேட்டேன். சாலையில் காற்றைப் பிடுங்குவார்களே. "ரோட்டுல போனாத்தானே? உன் ஃப்ரெண்டுக்குத் தெரியாத வழி எதுனா இருக்கா இந்த ஊர்ல? அவளக் கேப்போம்" என்றாள் அண்ணி.

நாங்கள் காலனிக்குள் போனோம். நான் அந்தத் தெருவில் நடந்தது அதுதான் முதல் தடவை. ஆண்கள் எழுந்து நின்றார்கள். எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரியாமல் அவர்கள் முகம் இறுகியிருந்தது. தோழியின் அப்பா, "பாப்பாவ இன்னிக்கு அனுப்பறதா இல்லைங்கம்மா. காலம் சரியில்ல" என்றார். அண்ணி வற்புறுத்தவில்லை. "அதுவும் சரிதாங்க. வழி மட்டும் சொல்லச் சொல்லுங்க, நாங்க போய்க்கிறோம்" என்றாள்.

தோழி உள்ளேயிருந்து பரீட்சை அட்டையோடு வெளியே வந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தாள். நாங்கள் வருவதற்கு முன்பே அவள் புறப்பட்டுத்தான் இருந்திருக்கிறாள். "வழி சொன்னா உங்களுக்குப் புரியாதுக்கா. வாய்க்கா நாலா பிரியும். எங்கியோ போய் நிப்பீங்க" என்றாள். பிறகு அவளுடைய அப்பாவைப் பார்த்து, "ரோட்ட தொடவே மாட்டேம்பா. வரப்பு மேலயே போய் வரப்பு மேலயே வந்துடறேன்" என்றாள். அவர் ஒதுங்கி வழி விட்டார்.

அவள் முன்னால் நடந்தாள். ஏரிக்கரையில் ஏறி, மதகுக்குப் பக்கத்தில் இறங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே போனோம். வரப்பில் சைக்கிளைத் தள்ள முடியாத இடங்களில் நானும் அண்ணியும் முன்னும் பின்னும் பிடித்துத் தூக்கினோம். கரும்புச் சோகை கையை அறுத்தது. ஒரு வாய்க்காலில் இடுப்புவரை தண்ணீர். தோழி முதலில் இறங்கி ஆழம் பார்த்துவிட்டு, சைக்கிளைத் தன் தலையில் கவிழ்த்து ஏற்றிக்கொண்டு நடந்தாள். அந்த மெல்லிய உடம்பில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அக்கரையில் சைக்கிளை இறக்கிவிட்டு, "இது நம்மள ஏத்திக்கினு போவுதா, நாம இத ஏத்திக்கினு போறமா?" என்றாள்.

வாய்க்கால் கரை அகலமான இடம் வந்ததும் மூன்று பேரும் ஏறிக்கொண்டோம். நான் முன்னால் ஹேண்டில் கம்பிமேல், தோழி கேரியரில். தூரத்தில் சாலை தெரிந்தது. புளியமரங்கள் நின்ற இடங்களில் வெறும் வானம். மரம் அறுக்கும் சத்தம் காற்றில் வந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி போனோம்.

டவுனுக்குள் நுழையும் இடத்தில் போலீஸ் நின்றது. மூன்று பெண்கள் சேறு படிந்த புடவையோடு ஒரு சைக்கிளில் வருவதைப் பார்த்து லத்தியை நீட்டி நிறுத்தினார்கள். அண்ணி ஹால் டிக்கெட்டைக் காட்டினாள். போலீஸ்காரர் அதைப் பார்த்தார், எங்கள் காலைப் பார்த்தார். "எந்த ஊரும்மா?" என்றார். சொன்னோம். "அங்க இருந்தா வரீங்க?" என்றவர் லத்தியை எடுத்து வழி விட்டார்.

கல்லூரி வாசல் திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. தேர்வு அறையின் கதவுக்குப் பக்கத்தில் கரும்பலகை. அன்றைய தேர்வு ஒத்திவைக்கப்பட்டதாகவும், தேதி பிறகு அறிவிக்கப்படும் என்றும் சுண்ணாம்புக்கட்டியில் எழுதியிருந்தார்கள்.

நாங்கள் அதைப் படித்தோம். மறுபடியும் படித்தோம். எனக்கு அழுகை வந்தது. எழுத வேண்டியவளே நான் இல்லை, ஆனாலும் வந்தது. முதலில் சிரித்தது தோழிதான். "இந்த இங்கிலீஷு என்ன வுடவே வுடாது போலருக்கே" என்றாள். அண்ணி படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்து, முகத்தைப் புடவையில் மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் வந்து எங்களைப் பார்த்துவிட்டு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கொண்டுபோன சோற்றை மூன்று பேரும் அந்தப் படிக்கட்டிலேயே சாப்பிட்டோம்.

சாப்பிட்டு எழுந்தபோது அண்ணியின் ரவிக்கை நனைந்திருந்தது. வரும் வழியிலேயே கரும்புத் தோட்டத்துக்குள் ஒருமுறை ஒதுங்கிப் பாலைப் பீய்ச்சிவிட்டு வந்திருந்தாள். இப்போது மறுபடியும் பால் கட்டிக்கொண்டு கையைத் தூக்க முடியாமல் வலித்தது. "வரப்பு வழியா போனா நேரமாவும். குழந்த என்னா பண்ணுதோ" என்றாள். சாலையில் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. தோழி தன் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"ரோட்டுலயே போலாங்க்கா" என்றாள் தோழி.

"வாணாம். நீ எங்களோட இருக்கறத யாராவது எதுனா சொன்னா?"

"சொன்னா சொல்லட்டும். புள்ள பசில அழுதுக்கினு இருக்கும். நாம வரப்ப எண்ணிக்கினு போறதா?"

இதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். குரலில் எந்த வேகமும் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த நாளில் நடந்ததில் எது பெரிய காரியம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அந்த வாரத்தில் அந்தச் சாலையில் கால் வைத்தால் அவளுக்கு என்ன ஆகலாம் என்பதை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

முதலில் வந்த மரங்களில் அடுத்த ஊர்க்காரர்கள் இருந்தார்கள். பெண்கள் என்பதால் ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள். சைக்கிளைத் தூக்கிக் கிளைகளுக்கு மேலே இழுத்து இறக்கிக்கொண்டு போனோம். சாராயக்கடை வளைவைத் தாண்டியதும் எங்கள் ஊர் மரம். பெரியது. அதன்மேல் வரிசையாக எங்கள் ஊர் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் அண்ணன்.

எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அண்ணன் எழுந்து நின்றான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"பரீட்ச எழுதினியா?" என்று கேட்டான்.

"இல்ல. தள்ளி வெச்சிட்டாங்க."

"ஏன்?"

"ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டுட்டாங்களாம்" என்றாள் அண்ணி.

மரத்தின் கோடியில் உட்கார்ந்திருந்தவர் ஒருவர் களுக்கென்று சிரித்தார். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தான். அப்போது எங்களுக்குப் பெரியப்பா முறையாக வேண்டிய ஒருவர் தோழியைக் காட்டி, "இவ எங்க வந்தா இவங்க கூட?" என்று கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

"பரீட்சைக்கு" என்றாள் தோழி. அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டிருந்தான். மரத்தின்மேல் ஏறி அந்தப் பக்கம் இறக்கிவைத்தான். திரும்பி வந்து அண்ணியின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். நான் ஏறினேன். தோழி ஏறும்போது அவன் ஒரு கிளையைக் காலால் மிதித்துத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, "பாத்து ஏறும்மா. கொம்பு குத்தும்" என்றான்.

அந்தப் பக்கம் இறங்கியதும் அண்ணி சைக்கிளில் ஏறினாள். "ஏறு" என்று தோழியிடம் சொன்னாள். ஏரிக்கரைப் பாதை வந்தபோது தோழி இறங்கப் பார்த்தாள். அண்ணி நிறுத்தவில்லை. நான் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தேன். அவள் கேரியரில் உட்கார்ந்தபடியே எங்கள் தெருவுக்குள் போவதை நான் பார்த்தேன். வாசல்களில் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தியின் கை முறத்தின் மேலேயே நின்றுவிட்டது. தோழி முதுகை நிமிர்த்திக்கொண்டு இரண்டு கையாலும் கேரியரைப் பிடித்திருந்தாள். எங்கள் வாசலில் சைக்கிள் நின்றபோது உள்ளே குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அண்ணி சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். தோழி அதைக் கீழே விழாமல் பிடித்து, ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுத் தன் வீட்டுக்கு நடந்து போனாள்.

அதைப் பற்றிப் பேச்சு வராமல் இல்லை. மறியல் முடிந்த பிறகு பெரியப்பா வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கேட்டார். "எம் பொண்டாட்டி புள்ளைக்குப் பால் குடுக்க அவசரமா வந்தா. அதுல இன்னா இப்போ?" என்றான் அண்ணன். அம்மா அவருக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு ஊருக்குப் பேச வேறு விஷயம் வந்துவிட்டது. மரம் வெட்டியவர்களைத் தேடிப் போலீஸ் வந்தது. அண்ணன் அண்ணியின் ஊருக்குப் போய், அங்கிருந்து மலைமேல் ஏறி ஒளிந்துகொண்டான். மாதக்கணக்கில் வீட்டுக்கு வரவில்லை.

அந்த மாதங்களில் வீட்டையும் நிலத்தையும் அண்ணிதான் பார்த்தாள். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சினாள், மாட்டுக்குப் புல் அறுத்தாள், குழந்தைக்குப் பால் கொடுத்தாள், கல்லூரிக்கும் போனாள். ஒத்திவைத்த தேர்வு நடந்தது. அண்ணி, எழுதாமல் விட்ட எல்லாத் தேர்வுகளையும் எழுதிப் பாஸ் பண்ணினாள். தோழி இங்கிலீஷில் தேறினாள், சரியாகத் தேறுகிற மார்க் மட்டும். அதற்கே அவள் காலனி முழுக்க வெல்லம் கொடுத்தாள்.

அந்த முன்பனிக் காலத்தில் வாய்க்கால் கரையில் நானும் தோழியும் சைக்கிள் கற்றுக்கொண்டோம். அண்ணி பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். நான் இரண்டு முறை வாய்க்காலில் விழுந்தேன். தோழி ஒருமுறைகூட விழவில்லை. தோழியின் அண்ணன் எங்கள் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது அதன் பிறகும் கொஞ்ச காலம் நடந்தது. ஆனால் அவள் இறங்கவில்லை. அண்ணியின் சைக்கிளை அவளிடம் கொடுத்துவிட்டு நாங்கள் பஸ்ஸுக்கு நின்ற நாட்களில் அவள் அதில் மெதுவாக, மணி அடித்துக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போவாள். ஒருநாள் யாரோ பின்சக்கரத்தில் முள் வைத்திருந்தார்கள். அவள் பஞ்சர் ஒட்டிக்கொண்டு மறுநாளும் அதே வழியில் வந்தாள்.

பிறகு எல்லாரும் படித்து முடித்தோம். இடஒதுக்கீடும் ஒரு வழியாக வந்தது. அண்ணன்மேல் போட்டிருந்த வழக்கு சில வருஷம் இழுத்து ஒன்றுமில்லாமல் போயிற்று. அண்ணி ஆசிரியப் பயிற்சி முடித்து எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்தாள். எனக்குத் திருக்கோவிலூரில் கல்யாணம் ஆகி, அங்கேயே தாலுகா ஆபீசில் வேலை கிடைத்தது. தோழிக்கு முதல் வேலை கல்வராயன் மலைமேல் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில்.

அவள் வேலையில் சேர்ந்த நாள் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் போனோம். பஸ் ஒரு இடம்வரைதான் போகும். அங்கிருந்து நடை. அண்ணி மலையடிவாரத்துக்காரி, எங்கள் இரண்டு பேரையும் பின்னால் விட்டுவிட்டு ஏறினாள். பள்ளிக்கூடம் என்பது ஒரே அறை. பூட்டு துருப்பிடித்திருந்தது. மூன்று பேரும் கூட்டித் தண்ணீர் தெளித்தோம். மத்தியானம் ஆவதற்குள் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். தூரத்துக் குக்கிராமங்களிலிருந்து சரிவுகளில் இறங்கி, ஒருவர் பின் ஒருவராக. கதவுக்கு வெளியே நின்று புது டீச்சரை எட்டிப் பார்த்தார்கள். தோழி அவர்களை உள்ளே கூப்பிட்டு, எந்தெந்த ஊர், எந்தப் பாதையில் வந்தீர்கள், நடுவில் ஓடை இருக்கிறதா, மழையில் எப்படித் தாண்டுவீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். பேர்கூட அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

நாங்கள் கிளம்பியபோது அவள் வளைவுவரை கூடவே வந்தாள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள்.

"போங்க்கா, பஸ்ஸு போய்டும்" என்றாள் தோழி. "எனக்கும் உள்ள வேல இருக்குது. புள்ளைங்க காத்துக்கினு இருக்கும்."

திரும்பி வேகமாக மேலே ஏறினாள். நாங்கள் பஸ்ஸுக்கு இறங்கத் தொடங்கினோம்.